கோஸ் தீவின் மருத்துவர்

மருத்துவத்தின் தந்தை யார் என்று கேட்டால் ஹிப்போகிரட்டீஸ் என்று பள்ளி மாணவரும் பதில் சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவற்றை எழுதத் தொடங்கினால் அவை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எஞ்சியவை எல்லாம், அவர் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவர்கள் அன்பினாலும் வியப்பினாலும் சேர்த்துக் கட்டிய கதைகளே. கதைகளை விலக்கிவிட்டுப் பார்த்தால் அவர் சிறியவராகிவிடுவாரா? அல்லது இன்னும் பெரியவராகத் தெரிவாரா? இக்கட்டுரையில் நான் விடை தேடுவது இக்கேள்விக்குத்தான்.

நான் மருத்துவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். ஆயினும் ஹிப்போகிரட்டீஸ் மீது எனக்குத் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். அந்த ஈடுபாட்டினால்தான் அவர் பிறந்த கோஸ் தீவுக்குச் சென்று அங்குள்ள பழங்கோயில்களையும் இடிந்த தேவாலயங்களையும் பார்த்து வந்தேன். அது ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்கு மிக அருகில் இருக்கும் கிரேக்கத் தீவு. எதிர்க்கரையில் உள்ள போட்ரம் நகரம்தான் வரலாற்றின் தந்தை எனப்படும் ஹெரோடோட்டஸ் பிறந்த பழைய ஹாலிகார்னாசஸ். ஒரு சிறு கடற்பரப்பின் இரு கரைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு துறைகளின் தந்தையர் பிறந்தார்கள் என்பது வியப்புக்குரியது.

குடும்பத் தொழில்

ஹிப்போகிரட்டீஸ் பிறந்தது ஏறத்தாழ கி.மு. 460இல். தந்தை பெயர் ஹெராக்ளைடிஸ். அவரும் மருத்துவரே. மருத்துவக் கடவுளான அஸ்கிளேப்பியசின் வழிவந்தவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குடும்பம் அது. தொழிற்கல்வி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதே அக்கால வழக்கம். ஹிப்போகிரட்டீசின் பிள்ளைகளான தெசலஸ், டிராக்கோன் இருவரும் மருத்துவர்கள் ஆனார்கள். மருமகன் பாலிபஸ் மருத்துவ நூல் எழுதினார்.

ஆனால் ஹிப்போகிரட்டீஸ் வீட்டுக்குள் மட்டும் பாடம் நடத்தியவர் அல்லர். அவருக்குப் பின் பிறந்த தத்துவஞானி பிளேட்டோ தம் நூல் ஒன்றில், கட்டணம் செலுத்தினால் கோஸ் தீவின் ஹிப்போகிரட்டீசிடம் மருத்துவம் கற்கலாம் என்னும் பொருள்பட ஓர் உரையாடலை அமைத்திருக்கிறார். இரத்த உறவு இல்லாதவரும் மருத்துவராகலாம் என்ற வாசல் அங்கே திறந்திருந்தது. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் அவரைக் குறிப்பிடும் விதத்திலிருந்து, வாழ்ந்த காலத்திலோ அதையொட்டியோ கிரேக்க உலகம் முழுவதும் அறிந்த பெயராக அவர் பெயர் இருந்தது என்பது தெளிவாகிறது. நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய சமகாலச் சான்றுகள் ஏறக்குறைய இவ்வளவுதான்.

அவர் தீவிலேயே தங்கிவிடவில்லை. அக்கால மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று தொழில் செய்தவர்கள். வட கிரேக்கத்தின் தெசலிப் பகுதி, தாசோஸ் தீவு, அப்டேரா ஆகிய இடங்களோடு அவரும் அவர் வழிவந்தவர்களும் தொடர்புபடுத்தப்படுகிறார்கள். காலமும் அமைதியானதாக இல்லை. ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் நீண்ட போரில் இருந்தன. கி.மு. 412-411 குளிர்காலத்தில், அதுவரை எவரும் கண்டிராத பெரும் நிலநடுக்கத்தால் கோஸ் தீவின் நகரம் இடிந்து கிடந்தபோது ஸ்பார்ட்டாவின் கடற்படை வந்து கொள்ளையிட்டது. மக்கள் மலைகளுக்கு ஓடினார்கள். பிறந்த தீவில் இந்தக் கொடுமை நடந்தபோது ஹிப்போகிரட்டீசுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருக்கும்.

தெய்வ நோய்

அவர் பெயரில் நமக்குக் கிடைத்திருப்பவை சுமார் 60 நூல்கள். இவற்றை ஒருவரே எழுதவில்லை என்பது அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட உண்மை. பல தலைமுறை மருத்துவர்களின் எழுத்துகள் பிற்காலத்தில் ஒரே பெயரின் கீழ் தொகுக்கப்பட்டன. ஆகவே ஹிப்போகிரட்டீஸ் என்று நாம் சொல்லும்போது ஒரு மனிதரையும் அவரைச் சுற்றி வளர்ந்த ஒரு சிந்தனை மரபையும் சேர்த்தே சொல்கிறோம்.

அந்நூல்களில் ஒன்று வலிப்பு நோயைப் பற்றியது. கிரேக்கர்கள் அதைத் தெய்வ நோய் என்று அழைத்தார்கள். நோயாளி ஆடு போல் கத்தினால் ஒரு தெய்வம், நுரை தள்ளினால் இன்னொரு தெய்வம் என்று மந்திரவாதிகள் காரணம் சொல்லிப் பரிகாரம் செய்தார்கள். நூலாசிரியர் இதை நேருக்கு நேர் மறுக்கிறார். மற்ற நோய்களைப் போலவே இதற்கும் இயற்கையான காரணம் உண்டு என்கிறார். நோயின் இருப்பிடம் மூளை, அது பெற்றோர் வழி பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்று விளக்குகிறார். இந்நோய் ஆடுகளுக்கும் வருகிறது, அவ்வாறு வந்த ஆட்டின் தலையைத் திறந்து பார்த்தால் மூளை நீர் கோத்துக் கெட்டிருப்பது தெரியும், ஆகவே உடலைக் கெடுப்பது தெய்வமன்று, நோயே என்று வாதிடுகிறார்.

என் ஈடுபாட்டுக்குக் காரணம் இந்த நூல்தான். என் தங்கைக்கு ஏழு வயதில் வலிப்பு வந்தது. அப்போது நாங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தோம். அவள் விழுந்த போதெல்லாம் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். சாமியாடியிடம் அழைத்துச் சென்று தாயத்துக் கட்டினார்கள். பள்ளியில் பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்கார அஞ்சினார்கள். இது யார் செய்த பாவமோ என்று அம்மா இரவெல்லாம் புலம்புவார். இரண்டு ஆண்டுகள் கழித்து, மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்து பார்த்துவிட்டு, இது ஒரு நோய், இதில் யாருடைய குற்றமும் இல்லை என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினார். அன்று அம்மா அழுத அழுகையில் இருந்தது நிம்மதி. தங்கை இன்று ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். மாத்திரையை விட அந்த விளக்கமே எங்கள் வீட்டை முதலில் குணப்படுத்தியது என்று நான் நம்புகிறேன். அந்த விளக்கம் முதன்முதலில் தெளிவாக எழுதப்பட்டு ஏறத்தாழ 2400 ஆண்டுகள் ஆகிவிட்டன!

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்நூலாசிரியர் தெய்வத்தை இகழ்ந்தவர் அல்லர். இயற்கை முழுவதுமே தெய்வத்தன்மை உடையது, ஆகவே ஒரு நோயை மட்டும் தனியே பிரித்துத் தெய்வத்தின் தண்டனை என்பது சரியன்று என்பதே அவர் நிலை. அவர் எதிர்த்தது பக்தியை அன்று. தமக்குத் தெரியாததை மறைக்கத் தெய்வத்தைத் திரையாகப் பயன்படுத்தியவர்களையே அவர் எதிர்த்தார். சளி மூளையின் நாளங்களை அடைத்துக்கொள்வதால் வலிப்பு வருகிறது என்ற அவருடைய விளக்கம் இன்று நிலைக்கவில்லை. ஆனால் தேட வேண்டிய திசையை அவர் சரியாகக் காட்டினார்.

42 நோயாளிகள்

ஹிப்போகிரட்டீசுக்கு மிக நெருக்கமானவையாகப் பல அறிஞர்கள் கருதுவது நோய்க் குறிப்பேடுகளை. கொள்ளை நோய்கள் என்ற தலைப்பிலுள்ள ஏழு பகுதிகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் 42 நோயாளிகளின் குறிப்புகள் உள்ளன. நோயாளியின் பெயர், குடியிருந்த இடம், முதல் நாள் எப்படி, மூன்றாம் நாள் எப்படி, உறக்கம், வியர்வை, சிறுநீரின் நிறம், பிதற்றல் என ஒவ்வொன்றும் நாள் வாரியாகக் குறிக்கப்பட்டுள்ளது. தாசோஸ் தீவில் மதிலருகே குடியிருந்த ஃபிலிஸ்கஸ் என்பவர்தான் முதல் நோயாளி. காய்ச்சலில் படுத்தார். மூச்சு ஆழமாகவும் நீண்ட இடைவெளி விட்டும் வந்தது. ஆறாம் நாள் இறந்தார்.

அந்த 42 பேரில் 25 பேர் இறந்துபோனார்கள். இந்த எண்ணிக்கையைக் கண்டு நான் சற்று நேரம் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தேன். எந்த மருத்துவர் தம் தோல்விகளை இப்படிப் பெயரோடும் நாளோடும் எழுதி வைப்பார்?

இதை அக்காலக் கோயில்களோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். நோயாளிகள் அஸ்கிளேப்பியசின் கோயிலில் படுத்துறங்குவார்கள். தெய்வம் கனவில் வந்து குணப்படுத்தும் என்பது நம்பிக்கை. கிரேக்கப் பெருநிலத்தில் உள்ள எப்பிடாரஸ் கோயிலில் இவ்வாறு குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் சுமார் 70 கதைகள் கிடைத்திருக்கின்றன. குருடர் பார்வை பெற்றார், முடவர் நடந்தார் என ஏறக்குறைய எல்லாமே வெற்றிகள். குணமாகாமல் திரும்பியவர்களுக்கு அங்கே கல் இல்லை.

கோயில் வெற்றிகளைக் கல்லில் வெட்டியது. மருத்துவர் மரணங்களையும் ஏட்டில் எழுதினார். எழுதியதால்தான் அடுத்தவர் அதைப் படித்து, எந்த அறிகுறி எதில் முடியும் என்று கற்றுக்கொள்ள முடிந்தது. நோயாளிக்கு நன்மை செய், அல்லது தீமையாவது செய்யாதிரு என்னும் கருத்து இந்தக் குறிப்பேடுகளில்தான் வருகிறது என்பது குறிப்பிடத்தக்கது. இத்தனை மரணங்களைப் பார்த்துப் பதிவு செய்த ஒரு மரபுக்குத்தான் அந்த அடக்கம் வரும்.

மறைவும் புகழும்

ஹிப்போகிரட்டீஸ் தெசலியில் உள்ள லாரிசா நகரில், ஏறத்தாழ கி.மு. 370இல் காலமானதாகக் கருதப்படுகிறது. அவர் மறைந்த பின்தான் கதைகள் பெருகின. பாரசீக மன்னர் அனுப்பிய பொன்னை மறுத்தார் என்றும், ஏதென்சில் பரவிய கொள்ளை நோயைத் தீ மூட்டி விரட்டினார் என்றும் சொன்னார்கள். அந்தக் கொள்ளை நோயில் தாமே விழுந்து பிழைத்தெழுந்த வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் விரிவான பதிவில் ஹிப்போகிரட்டீசின் பெயரையே குறிப்பிடவில்லை. அவருடைய கல்லறையில் கூடு கட்டிய தேனீக்களின் தேன் குழந்தைகளின் வாய்ப்புண்ணை ஆற்றியது என்றும் ஒரு கதை உண்டு. தெய்வ நோயை மறுத்த மரபின் தலைவர் தாமே பாதி தெய்வமாகிவிட்டார்!

கோஸ் நகரத் துறைமுகத்தில் இறங்குபவர்களுக்கு முதலில் காட்டப்படுவது ஹிப்போகிரட்டீசின் மரம். கோட்டைக்கு அருகே, இரும்புத் தாங்கிகளின் துணையோடு நிற்கும் பெரிய சினார் மரம் அது. அவர் அதன் நிழலில் அமர்ந்து பாடம் சொன்னார் என்பார்கள். உலகின் பல மருத்துவக் கல்லூரிகள் அதன் கன்றுகளை வாங்கிச் சென்று நட்டிருக்கின்றன. மரத்தின் வயது சுமார் 500 ஆண்டுகள்தான். நகரமோ கி.மு. 366இல், தீவு மக்கள் ஒன்றுகூடிப் புதிதாக அமைத்தது. அதாவது அவர் மறைந்த பிறகு.

நகருக்குத் தென்மேற்கே நான்கு கிலோமீட்டருக்குள், மலைச்சரிவில் அஸ்கிளேப்பியசின் பெருங்கோயில் உள்ளது. ஜெர்மானிய அறிஞர் ருடோல்ஃப் ஹெர்ட்சாக் 1902இல் அதைக் கண்டுபிடித்து அகழ்ந்தார். சரிவை வெட்டி அமைத்த மூன்று அடுக்குத் தளங்களைப் படிகள் இணைக்கின்றன. நடுத்தளத்தில் ஒரு பெரிய பலிபீடமும், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அயோனியக் கோயிலும், உரோமர் காலத்துக் கோயிலின் மறுபடி நிறுத்தப்பட்ட தூண்களும் இருக்கின்றன. மேல்தளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட டோரியக் கோயிலின் அடித்தளம். அங்கிருந்து பார்த்தால் கடலும் அதற்கப்பால் துருக்கி மலைகளும் தெரிகின்றன.

ஹிப்போகிரட்டீஸ் இக்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தே மருத்துவம் கற்றார் என்று பழங்காலத்திலேயே ஒரு கதை இருந்தது. புவியியலாளர் ஸ்ட்ராபோ அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கற்களின் காலக்கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. அவர் வாழ்ந்தபோது இக்கட்டடங்கள் எதுவும் இங்கில்லை. அப்போல்லோவுக்குரிய சைப்பிரஸ் மரத்தோப்புதான் இருந்தது. கோயில் மருத்துவரை உருவாக்கவில்லை. தீவின் மருத்துவர்கள் பெற்ற புகழ்தான் கோயில் பெருக ஒரு காரணமாயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் புகழைப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். உரோமப் பேரரசர் கிளாடியசின் மருத்துவரான செனஃபோன் இத்தீவுக்காரர். அஸ்கிளேப்பியசின் வழிவந்தவர் என்று பெருமை கொண்டாடியவர். அவர் பொருட்டு கி.பி. 53இல் தீவுக்கு வரிவிலக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே பேரரசர் இறந்தபோது, நஞ்சூட்டுவதற்கு அம்மருத்துவரே துணை போனதாகப் பேசப்பட்டது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அதை எழுதி வைத்தார். பெரிய மரபில் வருவது மட்டும் ஒருவரை நல்லவராக்கிவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இடிந்தவையும் இடியாதவையும்

காலம் மாறியது. கிறிஸ்துவ சமயம் தீவுக்கு வந்தது. கி.பி. 325இல் நைசியாவில் கூடிய முதல் பெரும் திருச்சபைச் சங்கத்தில் கோஸ் தீவின் ஆயர் கலந்துகொண்டார். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் தீவெங்கும் பசிலிக்கா எனப்படும் தேவாலயங்கள் எழுந்தன. நகரின் உரோமர் காலத்துப் பொதுக் குளியல்கூடத்தின் இடிபாடுகளுக்குள்ளேயே ஒரு தேவாலயமும், அதற்கான திருமுழுக்கு மண்டபமும் அமைக்கப்பட்டன. தீவின் மேற்குக் கோடியில் கெஃபலோஸ் அருகே, கடற்கரையை ஒட்டிப் புனித ஸ்தேவானின் இரட்டைத் தேவாலயங்கள் இருந்தன. அவற்றின் தூண்கள் சில இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. எதிரே கைக்கெட்டும் தொலைவில் ஒரு குட்டித் தீவு. அதன் மேல் ஒரு சிற்றாலயம். அஸ்கிளேப்பியசின் மேல்தளக் கோயிலுக்குள்ளும் பிற்காலத்தில் அன்னை மரியாவுக்கு ஒரு சிற்றாலயம் எழுந்தது. நோயுற்றவர்களின் வேண்டுதல் நிற்கவில்லை. வேண்டப்பட்டவர் மட்டுமே மாறினார்.

கி.பி. 554இல் பெரும் நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சிறிது காலத்துக்குப் பின் தீவில் இறங்கிய எழுத்தாளர் அகத்தியாஸ், நகரம் முழுவதும் கற்குவியலாகிக் கிடந்ததையும், பச்சை மண்ணால் கட்டிய எளிய வீடுகள் சில மட்டும் தப்பியதையும் பதிவு செய்தார். அந்நகரத்தின் பெருமைகளில் எஞ்சியவை அஸ்கிளேப்பியசின் வழியினர் என்ற பெயரும் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த ஊர் என்ற மதிப்புமே என்றும் அவர் எழுதினார். அதன் பின் வந்த மாவீரர் சபையினர் பழங்கோயில்களின் கற்களைப் பெயர்த்துத் துறைமுகக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். 1933 ஏப்ரல் 23 அன்று மீண்டும் ஒரு நிலநடுக்கம் நகரைத் தரைமட்டமாக்கியது. அப்போது தீவை ஆண்ட இத்தாலியர்கள், நகரை மறுபடி கட்டுமுன் அகழ்ந்து பார்த்ததால்தான் பழைய நகரத்தின் பெரும்பகுதி வெளிப்பட்டது. 2017 ஜூலையிலும் நிலம் நடுங்கி இருவர் உயிரிழந்தனர்.

கோயில் இடிந்தது, தேவாலயம் இடிந்தது, கோட்டையும் நடுங்கியது. இடியாமல் நின்றவை ஏடுகள். அவை நின்றதும் தாமாக அன்று, எழுதியவர்களின் கைகளால். அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் அவற்றுக்கு உரை எழுதினார்கள். பைசாந்தியத்தின் கிறிஸ்துவ எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தார்கள். கிரேக்கத் தெய்வங்களின் பெயர்களை நீக்கி, கிறிஸ்துவருக்கு ஏற்றவாறு மாற்றி, சிலுவை வடிவில் எழுதப்பட்ட மருத்துவ உறுதிமொழிப் படி ஒன்று வத்திகான் நூலகத்தில் உள்ளது. 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் ஹுனைன் இப்னு இசாக் போன்றோரின் மொழிபெயர்ப்புகள் வழியே அவர் புக்ராத் என்ற பெயரில் அரபு மருத்துவத்துக்குள் நுழைந்தார். 1839 முதல் 1861 வரை உழைத்து, எமில் லித்ரே பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு 10 தொகுதிகளாக வெளியிட்டார். பழைய உறுதிமொழியை அவரே எழுதினாரா என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் 1948இல் உலக மருத்துவச் சங்கம் உருவாக்கிய ஜெனீவா உறுதிமொழி அதன் வழியில் வந்ததே. அதைத் தழுவிய உறுதிமொழிகளை இன்றும் பல நாடுகளில் இளம் மருத்துவர்கள் எடுக்கிறார்கள்.

நண்பர்களே, பெரியோர்களைத் தெய்வமாக்கிவிடுவது எளிது. அவர்கள் செய்த வேலையைத் தொடர்வதுதான் கடினம். ஹிப்போகிரட்டீசிடமிருந்து தேனீக்களையும் பொன்னையும் மரத்தையும் எடுத்துவிட்டாலும் மதிலருகே குடியிருந்த ஃபிலிஸ்கஸ் இருக்கிறார்; ஆறாம் நாள் என்ற குறிப்பும் இருக்கிறது. கண்டதைக் கண்டபடி எழுதிய அந்தக் குறிப்பு எந்தக் கதையையும் விட அவரை உயர்த்துகிறது. நம்மில் மருத்துவம் பயில்வோரும் உண்டு; பொறியியல், சட்டம், வணிகம், மொழி பயில்வோரும் உண்டு. எத்துறையாயினும் வெற்றியை எழுத நிறைய பேர் வருவார்கள். பிழைக்காமல் போன 25 பேரையும் பெயர் சொல்லி எழுதும் நேர்மை நமக்கு வாய்க்குமானால், பின்னால் வருபவர்கள் நம்மிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும்.